காந்தத்தால் புற்றுநோயைப் பிடிக்க முடியுமா? வாசகர் கேள்வி – பதில்

மருந்தேற்றிய காந்தத் துகள்களை ஊசி வழியாக ரத்தத்தில் செலுத்தி, வெளியிலிருந்து ஒரு காந்தத்தைக் காட்டியதும் அவை மொத்தமாகக் கட்டியில் போய் ஒட்டிக்கொள்வதாகச் சித்திரிக்கும் ஒரு காணொளி வாட்ஸ்அப்பில் சுற்றிவருகிறது. அதையொட்டி வந்த கடிதங்களே இம்முறை அதிகம் என்பதால், பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: அந்தக் காணொளியில் காட்டுவது உண்மைதானா? உண்மையென்றால் கீமோதெரபியால் முடி கொட்டுவதும் வாந்தியும் இனி இருக்கக் கூடாதே! பிறகு ஏன் எந்த ஆஸ்பத்திரியிலும் இப்படிச் செய்வதில்லை? – வாசகர், சேலம்

பதில்: எண்ணம் பழையது, நோக்கமும் நியாயமானது. கீமோதெரபி மருந்துகளில் பல, வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைத் தாக்குகின்றன. கட்டியின் செல் எது, மயிர்க்காலின் செல் எது, குடலின் உட்சுவர் எது என்று பிரித்தறிய அவற்றால் முடியாது. எனவே மருந்தை நோயுள்ள இடத்துக்கு மட்டும் இழுத்துச் செல்லக் காந்தம் உதவுமா என்று ஆராய்ச்சியாளர்கள் யோசித்ததில் வியப்பில்லை. 1970களின் இறுதியிலேயே சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் விடர், செனெய் ஆகியோர் ஆல்புமின் என்ற புரதத்தால் செய்த நுண்ணுருண்டைகளுக்குள் டாக்ஸோரூபிசின் மருந்தையும் மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடையும் சேர்த்து அடைத்தார்கள். எலியின் வாலில் வளர்ந்த கட்டிக்கு அந்த உருண்டைகளைச் செலுத்தி, பக்கத்தில் காந்தத்தை வைத்தபோது கட்டிகள் நன்றாகச் சுருங்கின.

எலியின் வால் என்பதைக் கவனியுங்கள். அங்கே காந்தத்துக்கும் கட்டிக்கும் இடையே இருப்பது சில மில்லிமீட்டர் தூரம்தான். மனிதரின் கணையமோ நுரையீரலின் நடுப்பகுதியோ தோலிலிருந்து பத்து சென்டிமீட்டர் உள்ளே இருக்கலாம். காந்தம் ஒரு துகளை இழுக்கும் விசை, அந்த இடத்தில் காந்தப்புலம் எவ்வளவு வலிமையாக இருக்கிறது என்பதை மட்டும் சார்ந்ததன்று. ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குப் புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதையும் சார்ந்தது. தூரம் கூடக்கூட இந்த இரண்டுமே சரிவதால் விசை மிக வேகமாக அற்றுப்போகிறது. துகள் சிறியதாக இருப்பதால் அதன்மீது படும் விசையும் சிறியது. எதிரே ரத்த ஓட்டமோ தமனிகளில் நொடிக்குப் பல சென்டிமீட்டர் வேகத்தில் அதை அடித்துக்கொண்டு போகிறது. ரத்தம் மிக மெதுவாக நகரும் நுண்குழாய்களில்தான் காந்தத்துக்குச் சிறிது வாய்ப்பு உண்டு.

இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. காணொளி தயாரித்தவர்கள் அதைத் தொடவே இல்லை. உடலுக்கு வெளியே வைத்த நிலையான காந்தங்களை எப்படி அடுக்கினாலும், உடலின் உட்புறத்தில் ஓரிடத்தில் மட்டும் புலத்தை உச்சமாக்க முடியாது. ஆங்கிலேயக் கணித அறிஞர் சாமுவேல் ஏர்ன்ஷா 1842இல் காட்டிய கணக்கின் வழிவரும் விதி இது. லென்ஸால் ஒளியைக் குவிப்பதுபோல் காந்தப்புலத்தைக் குடலுக்குள் குவிக்க இயலாது. புலம் எப்போதும் காந்தத்தை ஒட்டிய தோலருகேதான் மிக வலிமையாக இருக்கும். ஆகவே துகள்கள் ஆழத்தில் உள்ள கட்டியில் சேர்வதற்குப் பதிலாகத் தோலை ஒட்டிய பகுதியை நோக்கியே இழுபடும்.

மனிதர்களிடம் முதல் சோதனை 1996இல் பெர்லினில் நடந்தது. வேறு சிகிச்சைகள் பலிக்காத நிலையில் இருந்த 14 நோயாளிகளுக்கு, எபிரூபிசின் மருந்தைப் பிணைத்த காந்த நீர்மத்தைச் சிரை வழியாகச் செலுத்தி, கட்டியை ஒட்டி 0.5 முதல் 0.8 டெஸ்லா வரை வலிமையுள்ள காந்தங்களை வைத்தார்கள். பெரிய தீங்கு எதுவும் நேரவில்லை. ஆனால் கட்டிகள் கைக்கெட்டும் இடத்தில் இருந்தும்கூட, ஏறத்தாழப் பாதிப் பேரிடம் மட்டுமே துகள்கள் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தன. பின்னர் 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கல்லீரல் தமனிக்குள் குழாய் விட்டு, காந்தத் துகளோடு டாக்ஸோரூபிசினைக் கொடுத்துப் பார்த்த ஆய்வும் இடையிலேயே நிறுத்தப்பட்டது.

சிரைக்குள் சென்ற துகள்கள் எங்கேதான் போகின்றன என்று கேட்பீர்கள். கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கு செல்கள் அவற்றை அந்நியப் பொருளாகக் கண்டு விழுங்கிவிடுகின்றன. டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாரன் சானின் குழு, பத்தாண்டுகளில் வெளிவந்த விலங்குச் சோதனைகளைத் திரட்டி 2016இல் ஒரு கணக்கு வெளியிட்டது. காந்தத்தன்மை உள்ளவை, இல்லாதவை என எல்லா வகை நானோ துகள்களையும் சேர்த்துப் பார்த்தால், செலுத்திய அளவில் கட்டியை எட்டியது நடுமட்டமாக (முடிவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பாக) 0.7 விழுக்காடுதான். இந்தத் துறையில் இருப்பவர்கள் எவருக்கும் மறக்க முடியாத எண் அது. நானோ மருந்து பற்றி எந்தச் செய்தியைப் படித்தாலும், துகளை ரத்தத்தில் செலுத்தினார்களா, நேரடியாகக் கட்டிக்குள் செலுத்தினார்களா என்பதை முதலில் தேடிப் பாருங்கள்.

கேள்வி: இரும்பு ஆணியை அரத்தால் ராவினால் கிடைக்கும் தூளும் இந்தத் துகளும் ஒன்றுதானா? இரும்புத் தூள் ரத்தக் குழாயில் கட்டிபிடித்து அடைத்துக்கொள்ளாதா? – பதினோராம் வகுப்பு மாணவி, திண்டுக்கல்

பதில்: நல்ல கேள்வி, முதன்முதலில் இதை வடிவமைத்தவர்களுக்கும் இருந்த கவலைதான் அது. ஆணித் தூளைக் காந்தத்தின் அருகே கொண்டுபோய் எடுத்துவிட்டாலும், அதில் சிறிது காந்தத்தன்மை எஞ்சியிருக்கும்; துகளும் துகளும் ஒன்றையொன்று இழுத்துக் கட்டியாகிவிடும். சிகிச்சைக்கான துகள்கள் மேக்னடைட், மேக்ஹெமைட் எனும் இரும்பு ஆக்சைடுகளால் ஆனவை. அவற்றின் மையக்கரு பெரும்பாலும் 10 முதல் 20 நானோமீட்டர் வரை இருக்கும். ஏறத்தாழ 15 நானோமீட்டர் துகள்களில் ஐந்நூறை வரிசையாக வைத்தால்தான் ஒரு சிவப்பணுவின் குறுக்களவு வரும். இவ்வளவு சிறிதாகும்போது, துகளுக்குள் இருக்கும் காந்த முனை அறைவெப்ப ஆற்றலாலேயே இங்குமங்கும் புரண்டுகொண்டிருக்கும். வெளியே காந்தம் இருக்கும்வரை எல்லாத் துகள்களும் ஒரே திசையில் திரும்பி நிற்கும். அதை எடுத்துவிட்டால் அந்தக் கணமே காந்தத்தன்மையை மறந்துவிடும். உயர்நிலைப் பாரா காந்தத்தன்மை என்று இயற்பியலில் சொல்வது இதைத்தான். இதற்கு மேலாக, டெக்ஸ்ட்ரான் போன்ற சர்க்கரைச் சங்கிலிகளாலோ சிலேன் சேர்மங்களாலோ ஒரு மேலுறையும் போடுகிறார்கள். அதனால் துகள்கள் ஒன்றையொன்று ஒட்டாமல் நீரில் கலந்தபடி இருக்கின்றன.

இப்படித் துகள் கலந்த நீர்மத்தை முதலில் செய்தவர் மருத்துவர் அல்லர். 1963இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் பொறியாளர் ஸ்டீபன் பாபெல், எடையற்ற வெளியில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் குழாய் வாயிலுக்கு இழுக்க முடியுமா என்று பார்ப்பதற்காகச் செய்தார். ராக்கெட்டுக்கு அது பயன்படவில்லை. நம் ஊரில் கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இத்தகைய காந்த நீர்மங்களைப் பற்றியும், அவை வெப்பம் உண்டாக்கும் விதம் பற்றியும் பல ஆண்டுகளாக ஆய்வு நடந்துவருகிறது.

கேள்வி: காந்தத் துகளைச் சூடாக்கிப் புற்றுநோயைக் கொல்வதாகப் படித்தேன். எங்கள் வீட்டு இண்டக்ஷன் அடுப்பு போலத்தானா அது? உடம்பே வெந்துபோகாதா? – வாசகி, நாகர்கோவில்

பதில்: பாதி ஒப்புமை சரி. அடுப்பில் ஒரு செப்புச் சுருளில் திசை மாறி மாறி மின்சாரம் பாய்கிறது. அதனால் எழும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்க, பாத்திரம் சூடாகிறது. துகள் சிகிச்சையிலும் நோயாளியைச் சுற்றி அத்தகைய ஒரு புலம் இருக்கிறது. ஆனால் 15 நானோமீட்டர் துகளுக்குள் சுழல் மின்னோட்டம் பாய இடம் போதாது. அங்கே வெப்பம் வேறு விதமாகப் பிறக்கிறது. புலம் நொடிக்கு ஒரு லட்சம் தடவை திசை மாறும்போது, துகளின் காந்த முனையும் ஒவ்வொரு தடவையும் புரள வேண்டியிருக்கிறது. அது புலத்தின் வேகத்துக்குச் சற்றுப் பின்தங்கிப் புரள்வதால், அந்தப் பின்தங்கலில் இழக்கும் ஆற்றல் வெப்பமாகிறது. முனை மட்டும் துகளுக்குள் புரள்வதைப் பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நேல் 1949இல் விளக்கினார். துகளே முழுதாக நீர்மத்தில் சுழல்வது இன்னொரு வழி.

உடம்பு வேகாதா என்ற உங்கள் அச்சம் வீண் அச்சமன்று. மனித உடலும் உப்புநீர் நிறைந்த மின்கடத்தி. அதிலும் சுழல் மின்னோட்டம் பாயும். புலத்தின் வலிமையையும் அதிர்வெண்ணையும் பெருக்கிக்கொண்டே போனால், துகள் சூடாகும் முன்பே நோயாளியின் வயிறும் முதுகும் சூடாகிவிடும். உடலின் சுற்றளவு பெரியதானால் இந்தத் தொல்லை இன்னும் கூடும். 1980களில் தன்னார்வலர்களைச் சுருளுக்குள் வைத்து, எந்த அளவுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்க முடிகிறது என்று அளந்து ஒரு வரம்பு வகுத்தார்கள். மருத்துவக் கருவி செய்பவர்கள் இன்றும் அதையும், அதைத் தளர்த்திய பிற்காலக் கணக்குகளையும் வைத்தே புலத்தைத் தீர்மானிக்கிறார்கள். ஆய்வகக் குப்பியில் துகள் நீர்மம் ஒரே நிமிடத்தில் கொதித்ததாகச் சொல்லும் கட்டுரைகளில் பல, இந்த வரம்பை மீறிய புலத்தில் செய்தவை. மனிதரிடம் அவற்றுக்குப் பொருளில்லை.

சூட்டால் கட்டியைத் தாக்கும் எண்ணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. துகளைக்கொண்டு அதை முதலில் செய்து பார்த்தவர்கள் சிகாகோவின் கில்கிறிஸ்டும் அவருடைய கூட்டாளிகளும், ஆண்டு 1957. பெருங்குடல் புற்றுநோய் அறுவையில் கண்ணுக்குப் படாமல் நெறிக்கட்டிகளில் (நிணநீர் முடிச்சுகளில்) தங்கிவிடும் செல்களை அழிப்பதே அவர்கள் நோக்கம். நாய்களின் நெறிக்கட்டிகளில் இரும்பு ஆக்சைடு துகள்களைச் சேர்த்து, காந்தப்புலத்தால் அவற்றை மட்டும் சூடாக்கிக் காட்டினார்கள்.

ஏறத்தாழ 41 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால், கதிர்வீச்சால் முறிந்த தன் டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் திறனைப் புற்றுசெல் இழக்கிறது. ரத்த ஓட்டம் கூடுவதால் ஆக்சிஜனும் கூடி, கதிர்வீச்சு இன்னும் நன்றாக வேலை செய்கிறது. அதாவது இந்தச் சூடு தனியே நின்று நோயைத் தீர்ப்பதைவிட, கதிர்வீச்சுக்கும் கீமோதெரபிக்கும் துணை நிற்பதே அதிகம். அந்தத் துணைக்கு மதிப்பு உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. நெதர்லாந்தில் நடந்து 2000இல் வெளியான ஆய்வில், முற்றிய நிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுகளுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் 27 விழுக்காடு; கதிர்வீச்சோடு சூடும் பெற்றவர்களில் 51 விழுக்காடு. ஆனால் அங்கே சூடு கொடுத்தவை வெளியிலிருந்து வானலைகளைப் பாய்ச்சும் ஆன்டெனாக்கள். காந்தத் துகள்கள் அல்ல. துகள் சிகிச்சைக்கு விளம்பரம் செய்பவர்கள் இந்த முடிவைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அது சரியன்று.

கேள்வி: என் அண்ணனுக்கு மூளையில் கிளியோபிளாஸ்டோமா கட்டி. அறுவையும் கதிர்வீச்சும் முடிந்து ஓராண்டில் மறுபடி வளர்ந்துவிட்டது. ஜெர்மனியில் காந்தத் துகள் சிகிச்சை இருப்பதாகவும், வீட்டை விற்றாவது கூட்டிப்போங்கள் என்றும் உறவினர் ஒருவர் சொல்கிறார். போகலாமா? – வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: உங்கள் அண்ணனின் ஸ்கேன்களைப் பார்க்காமல், போகலாம் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்வது முறையாகாது. ஆனால் அந்தச் சிகிச்சை எது, அதற்கு என்ன சான்று உண்டு என்பதை விரிவாகச் சொல்லிவிடுகிறேன்; வீட்டை விற்பது பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் எதையும் மறைக்க விரும்பவில்லை.

பெர்லினில் ஆண்ட்ரியாஸ் யோர்டான் என்ற ஆராய்ச்சியாளர் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய முறை அது. நானோதெர்ம் என்ற பெயரில் 2010இல் ஐரோப்பாவில் மூளைக்கட்டிக்கு ஒப்புதல் பெற்றது. இங்கே துகளை ரத்தத்தில் செலுத்திக் காந்தத்தால் இழுப்பதில்லை; முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன தொல்லை முழுவதையும் அவர்கள் ஒரே தாவலில் தாண்டிவிட்டார்கள். நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தி, மண்டை ஓட்டில் சிறு துளையிட்டு, ஸ்கேன் படத்தின் வழிகாட்டலில் ஊசியைக் கட்டிக்குள்ளேயே இறக்கி, ஒரு மி.லி.யில் 112 மில்லிகிராம் இரும்பு உள்ள கரிய நீர்மத்தைச் சில மி.லி. அளவுக்கு, ஊசியைச் சிறிது சிறிதாகப் பின்னுக்கு இழுத்தபடியே பாதை நெடுகப் பரவலாக விடுகிறார்கள். துகளின் மேலுறை காரணமாக அது செலுத்திய இடத்திலேயே பெரும்பாலும் தங்கிவிடுகிறது. பின்னர் நோயாளி ஒரு பெரிய கருவிக்குள் படுத்திருக்க, நொடிக்கு ஒரு லட்சம் தடவை திசை மாறும் காந்தப்புலம் தலையைச் சுற்றி ஏற்படுகிறது. கட்டிக்குள் ஏற்கெனவே வைத்த மெல்லிய குழாயில் ஒளியிழை வெப்பமானி ஒன்று இருக்கும். உலோக வெப்பமானியை வைத்தால் அதுவே சூடாகிவிடும் என்பதால் ஒளியிழை. வெப்பநிலையைப் பார்த்தபடி புலத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒரு மணி நேரம் வைக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு தடவையாக ஆறு அமர்வுகள். கூடவே கதிர்வீச்சும் உண்டு.

2011இல் வெளியான ஆய்வில் 66 நோயாளிகள் இருந்தார்கள். அவர்களில் 59 பேர், உங்கள் அண்ணனைப் போலவே, கிளியோபிளாஸ்டோமா மீண்டும் வந்தவர்கள். நோய் திரும்பியது தெரிந்த நாளிலிருந்து அவர்களின் நடுமட்ட ஆயுள் 13.4 மாதங்கள். பழைய பதிவுகளில் இத்தகைய நோயாளிகளுக்குக் காணப்பட்டது அதில் பாதியளவே என்று காட்டித்தான் ஒப்புதல் பெற்றார்கள். இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். இந்த ஆய்வில் சூடு பெறாத இன்னொரு குழுவைச் சமகாலத்தில் வைத்து ஒப்பிடவில்லை. சேர்க்கப்பட்டவர்களோ, தங்கள் அன்றாடத் தேவைகளில் பெரும்பாலானவற்றைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர்கள். கட்டி மிகப் பெரிதாகாதவர்கள். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் வேறு சிகிச்சை பெற்றிருந்தாலும் சராசரியைவிடக் கூடுதலாக வாழ்ந்திருக்க வாய்ப்பு உண்டு. எனவே கூடுதல் மாதங்களில் எவ்வளவு துகளால் வந்தது, எவ்வளவு தேர்வால் வந்தது என்று அந்த ஆய்வைக்கொண்டு பிரிக்க முடியாது. சிகிச்சையால் நோய் முற்றாகத் தீர்ந்தது என்று அந்த ஆய்வாளர்களே சொல்லவில்லை.

நடைமுறையில் சில விலைகளும் உண்டு. சூடாகும் பகுதியிலிருந்து 40 சென்டிமீட்டருக்குள் உலோகம் இருக்கக் கூடாது என்பதால், பல்லில் அடைத்த உலோகக் கலவை, தொப்பி போட்ட பல், பதித்த திருகு ஆகிய எல்லாவற்றையும் முன்னதாகவே எடுத்துவிடுகிறார்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இந்தச் சிகிச்சை கிடையாது. இரும்பு அங்கேயே தங்கிவிடுவதால், அதன் பிறகு தலையை எம்.ஆர்.ஐ. எடுத்தால் அந்தப் பகுதி முழுவதும் கறுப்பாகத்தான் தெரியும். கட்டி வளர்கிறதா, வீக்கமா என்று பார்க்க நரம்பியல் மருத்துவர்கள் நம்பும் முதன்மைக் கருவியே போய்விடுகிறது. அதற்குப் பதில் சி.டி., பெட் ஸ்கேன்களை நம்ப வேண்டும்.

இன்னொன்றையும் உங்கள் உறவினர் அறிந்திருக்க மாட்டார்: இந்தத் துகளைத் தயாரித்த மேக்ஃபோர்ஸ் நிறுவனம் 2022இல் நொடித்துப்போனதாக நீதிமன்றத்தில் விண்ணப்பித்தது. எனவே யாராவது இப்போது உங்களிடம் ஜெர்மனியில் இடம் பிடித்துத் தருவதாகப் பணம் கேட்டால், எந்த மருத்துவமனை, எந்தத் துகள், யார் ஒப்புதல், இதே நிலையில் உள்ள எத்தனை பேருக்குச் செய்தார்கள் என்பதை மருத்துவமனையின் சொந்தத் தாளில் எழுத்தாக வாங்கிய பிறகே அடுத்த வார்த்தை பேசுங்கள். இரண்டாம் அறுவை, மறு கதிர்வீச்சு, வேறு மருந்துகள் ஆகியவற்றில் எது அண்ணனுக்குப் பொருந்தும் என்பதை, நரம்பு அறுவை மருத்துவரும் கதிர்வீச்சு மருத்துவரும் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்கும் கூட்டம் உள்ள ஒரு பெரிய மருத்துவமனையில் கேட்பது இப்போது அவசரமாகச் செய்ய வேண்டியது. அண்ணனுக்கு என்ன விருப்பம் என்பதையும் கேளுங்கள். கடிதத்தில் அது பற்றி ஒரு வரியும் இல்லை.

கேள்வி: மார்பகப் புற்றுநோய் அறுவைக்கு முன்பு காந்த நீர்மம் ஒன்றை ஊசியாகப் போடுவது வெளிநாடுகளில் வழக்கம் என்று என் தங்கை லண்டனிலிருந்து சொன்னாள். இதுவும் சூடாக்கும் சிகிச்சையா? – வாசகி, மதுரை

பதில்: இல்லை, இங்கே துகள் எதையும் கொல்வதில்லை, வழி காட்டுகிறது. என்னைக் கேட்டால், காந்த நானோ துகள்கள் புற்றுநோயாளிகளுக்கு இன்றைக்கு உண்மையாகவே பயன்தரும் இடங்களில் இது முதன்மையானது. ஆனால் காணொளி எடுக்கும் அளவுக்குக் கவர்ச்சி இதில் இல்லை.

மார்பகப் புற்றுநோய் பரவத் தொடங்கினால், பெரும்பாலும் முதலில் அக்குளில் உள்ள ஒன்றிரண்டு நெறிக்கட்டிகளைத்தான் எட்டும். அவற்றைக் காவல் நெறிக்கட்டிகள் என்கிறோம். அவற்றை மட்டும் எடுத்துச் சோதித்து, நோய் இல்லையென்றால் மற்றவற்றை விட்டுவிடலாம். அக்குளை முழுவதுமாகத் துப்புரவாக எடுத்தவர்களில் பலருக்குக் காலமெல்லாம் இருக்கும் கைவீக்கம் இவர்களுக்கு வெகுவாகக் குறையும். காவல் நெறிக்கட்டி எது என்று கண்டுபிடிக்க வழக்கமாக டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளையும் நீலச் சாயத்தையும் போடுகிறார்கள். டெக்னீஷியத்தின் அரை ஆயுள் ஆறு மணி நேரம்தான். அதற்கு அணு மருத்துவப் பிரிவு வேண்டும், உரிமம் வேண்டும், அறுவை நேரத்தோடு பொருந்தும்படி ஊசி போட வேண்டும்.

காந்த முறையில், டெக்ஸ்ட்ரான் உறையிட்ட இரும்பு ஆக்சைடு கலந்த பழுப்பு நீர்மத்தை மார்பில் செலுத்துகிறார்கள். அது நிணநீரோடு ஓடிக் காவல் நெறிக்கட்டியில் சிக்கிக்கொள்கிறது. அறுவை மருத்துவர் பேனாவைவிடச் சற்றுத் தடித்த ஒரு கோலை அக்குளில் நகர்த்துகிறார். துகள் சேர்ந்த இடத்தை நெருங்க நெருங்கக் கருவியின் ஒலி ஏறுகிறது. அப்போது வழக்கமான உருக்குக் கொக்கிகளை வைத்து வெட்டுவாயை விரித்துப் பிடித்தால் கோல் அவற்றையே காட்டிக்கொடுக்கும் என்பதால், பிளாஸ்டிக் விரிப்பான்களைப் பயன்படுத்துகிறார்கள். வெளியே எடுத்த நெறிக்கட்டி பழுப்பாகவோ கறுப்பாகவோ இருப்பது கண்ணுக்கே தெரியும். பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் 160 பெண்களிடம் இரு முறைகளையும் ஒப்பிட்டு 2014இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான முறை 95 விழுக்காட்டினரிடமும் காந்த முறை 94.4 விழுக்காட்டினரிடமும் நெறிக்கட்டியைக் கண்டுபிடித்தன. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018இல் இதற்கு ஒப்புதல் அளித்தது.

துகள் நெறிக்கட்டியில் வாரக்கணக்கில் தங்கிவிடுவதை ஸ்வீடன் மருத்துவர்கள் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். பால்குழாய்களுக்குள்ளேயே அடங்கிய தொடக்கநிலைப் புற்று என்று பயாப்சி சொன்ன பெண்களுக்கு, முதல் அறுவையின்போது நீர்மத்தை மட்டும் செலுத்திவிட்டு அக்குளைத் தொடாமல் விட்டார்கள். வெட்டி எடுத்த கட்டியின் முழுச் சோதனையில் பரவும் வகைப் புற்று இருப்பது தெரிந்தால் மட்டும் பிறகு அக்குளைத் திறந்தார்கள். பெரும்பாலான பெண்களுக்கு அந்த இரண்டாம் அறுவை தேவைப்படவே இல்லை. டெக்னீஷியத்தால் இதைச் செய்ய முடியாது.

குறைகளும் உண்டு. ஊசி போட்ட இடத்தில் தோல் பழுப்பாகக் கறைபட்டு மாதக்கணக்கில் இருக்கலாம். பின்னாளில் மார்பக எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியவர்களுக்கு இரும்பு படத்தைக் கெடுக்கும். ஆகவே அதை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். நீர்மமும் கருவியும் மலிவானவை அல்ல. அணு மருத்துவப் பிரிவு உள்ள மருத்துவமனையில் இதற்காக ஏங்க வேண்டியதில்லை.

கேள்வி: ரத்தசோகைக்குப் போடும் இரும்பு ஊசியும் காந்தத் துகள்தானாமே? புற்றுநோயாளிக்கு இரும்பு ஏற்றினால் கட்டிக்குத் தீனி போட்டதுபோல் ஆகாதா? – வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஃபெருமாக்சிட்டால் என்ற ஊசி மட்டும் அப்படிப்பட்டது. சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்காக 2009இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அது, உண்மையில் உறையிட்ட காந்த இரும்பு ஆக்சைடுதான். இரும்புச் சுக்ரோஸ் போன்ற, இங்கே அதிகம் போடும் ஊசிகளும் நுண்துகள்களே என்றாலும் சிகிச்சைக்குப் பயன்படும் அளவு காந்தத்தன்மை அவற்றில் இல்லை. உடலில் மொத்தம் மூன்று நான்கு கிராம் இரும்பு உண்டு. நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் வெளியேறுகிறது. எனவே விழுங்கு செல்கள் இந்தத் துகளைக் கரைத்து இரும்பைச் சேமிப்பில் வைக்கின்றன. அது பின்னர் புதிய சிவப்பணுக்களில் சேர்கிறது. 2016இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் எலிகளில் ஃபெருமாக்சிட்டால் கட்டிக்குள் உள்ள விழுங்கு செல்களை உசுப்பிவிட்டுக் கட்டியின் வளர்ச்சியைத் தடுத்ததைக் கண்டார்கள். ஆனால் அதை வைத்து யாரும் இரும்பு ஊசியைப் புற்றுநோய் மருந்தாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. அரிதாகக் கடும் ஒவ்வாமை வரும் என்பதால் 2015இல் அதன் மருந்துக் குறிப்பில் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கையே சேர்த்தார்கள். புற்றுநோயாளிக்கு ரத்தசோகை இருந்து மருத்துவர் இரும்பு எழுதிக்கொடுத்தால் மறுக்காதீர்கள்; தேவையில்லாமல் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

கேள்வி: காந்தக் காப்பு, காந்தப் படுக்கை இவையெல்லாம் புற்றுநோயைத் தடுக்குமா? – வாசகர், ஈரோடு

பதில்: தடுக்காது. ரத்தத்தில் உள்ள இரும்பைக் காந்தம் இழுக்கும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு அப்படி இழுபடக்கூடியதன்று. இழுபட்டிருந்தால் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் போனவர்கள் உயிரோடு திரும்பியிருக்க மாட்டார்கள்.

கேள்வி: காந்தத்தால் ரத்தத்திலிருந்தே புற்றுசெல்களைப் பொறுக்கி எடுக்கலாம் என்கிறார்களே, வருடாந்திரப் பரிசோதனையில் அதைச் சேர்த்துக்கொள்ளலாமா? – வாசகி, கோலாலம்பூர்

பதில்: பொறுக்கி எடுப்பது உண்மை, ஆண்டுதோறும் செய்துகொள்வது வீண். புற்றுசெல்லின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதத்தைப் பற்றும் எதிர்ப்புரதத்தைக் காந்தத் துகளோடு இணைத்து, 7.5 மி.லி. ரத்தத்தில் கலந்து, குழாயை ஒரு காந்தத்தின் அருகே வைத்தால், கோடிக்கணக்கான ரத்த அணுக்களுக்கு நடுவில் அலையும் ஒன்றிரண்டு புற்றுசெல்கள்கூட ஓரமாக ஒதுங்கிவிடும். 2004இல் எஃப்.டி.ஏ. ஒப்புதல் பெற்ற செல்சர்ச் என்ற சோதனை இதுதான். பரவிவிட்ட மார்பகப் புற்றுநோயில் ஐந்தோ அதற்கு மேலோ செல்கள் இருந்தால் நோயின் போக்கு மோசமாக இருக்கலாம் என்று கணிக்க அது உதவும். நோயில்லாதவரிடம் நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க அதைத் தயாரிக்கவில்லை.

உடலுக்கு வெளியே, குழாய்க்குள் காந்தம் வைத்து வேலை வாங்குவதில் ஆழம், ரத்த ஓட்டம், கல்லீரல் ஆகிய மூன்று தடைகளும் கிடையாது என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் இந்தத் தொழில்நுட்பம் சத்தமில்லாமல் நிலைபெற்றுவிட்டது. 1984இலேயே பிரிட்டனில், நியூரோபிளாஸ்டோமா வந்த குழந்தைகளின் எலும்பு மஜ்ஜையை எடுத்து, நோர்வேயின் உகெல்ஸ்டாட் செய்த காந்த மணிகளால் புற்றுசெல்களை நீக்கித் திருப்பிச் செலுத்தினார்கள். அவை மைக்ரோமீட்டர் அளவிலானவை, நானோ அல்ல. இன்று ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் கார்-டி செல் சிகிச்சையிலும் (நோயாளியின் டி செல்கள் எனும் நோய் எதிர்ப்பு அணுக்களைப் புற்றுசெல்லைத் தாக்கும்படி மாற்றித் திருப்பிச் செலுத்துவது), நோயாளியின் ரத்தத்திலிருந்து தேவையான டி செல்களைப் பிரித்தெடுக்கப் பல தயாரிப்பு நிலையங்களில் காந்தத் துகள்களே பயன்படுகின்றன.

கேள்வி: இயற்பியல் முதுகலை படிக்கிறேன். இந்தத் துறையில் இன்னும் தீராத சிக்கல் என்று எதைச் சொல்வீர்கள்? – மாணவர், கோயம்புத்தூர்

பதில்: புதிய துகள் செய்வதில் இறங்காதீர்கள், ஆயிரக்கணக்கான துகள்கள் கட்டுரைகளில் கிடக்கின்றன. ஊசியால் விட்ட துகள் கட்டிக்குள் சீராகப் பரவுவதில்லை. ஓரிடத்தில் குவிந்து, இன்னோரிடத்தில் இல்லாமலே போகிறது. அதனால் ஒரு மூலை 50 டிகிரியைத் தாண்ட, விரற்கடை தள்ளியுள்ள செல்கள் 39 டிகிரியில் பிழைத்துக்கொள்ளும். பெர்லினின் நானோதெர்ம் முறையில் வெப்பமானி தொடுவதோ ஒரு கோட்டை மட்டும். கட்டி முழுவதும் எந்த இடத்தில் எவ்வளவு துகள், எவ்வளவு சூடு என்று தோலைத் துளைக்காமல் அளக்க முடிந்தால் மற்றவை பின்னால் வரும். 2005இல் ஹாம்பர்கில் ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் கிளைக், வைட்செனெக்கர் ஆகியோர் அறிவித்த காந்தத் துகள் படமெடுப்பு முறை, திசுக்களை விட்டுவிட்டுத் துகளை மட்டும் அளவோடு காட்டுகிறது. மனிதத் தலை நுழையும் அளவிலான கருவிகள் இப்போதுதான் ஆய்வகங்களில் உருவாகிவருகின்றன.

துகளைக் கட்டியின் உட்பகுதிக்குக் கொண்டுசேர்ப்பதில் ஒரு விந்தையான முயற்சியையும் சொல்கிறேன். மாண்ட்ரியாலில் சில்வன் மார்ட்டெலின் குழு, தன்னுள்ளேயே மேக்னடைட் மணிகளைக் கோத்து வைத்திருக்கும் ஒரு கடல் பாக்டீரியாவின்மேல் மருந்துப் பொதிகளை ஏற்றி, காந்தப்புலத்தால் திசை காட்டி எலியின் கட்டிக்குள் ஓட்டியது. ஆக்சிஜன் குறைந்த இடத்தைத் தேடிப் போவது அந்தப் பாக்டீரியாவின் இயல்பு. கட்டியின் நடுப்பகுதியிலும் ஆக்சிஜன் குறைவு. அவற்றில் 55 விழுக்காடு வரை அங்கே போய்ச் சேர்ந்ததாக 2016இல் எழுதினார்கள். இங்கே காந்தம் இழுக்கவில்லை, திசையை மட்டும் சொன்னது, நீந்தியது பாக்டீரியா. ஆனால் அவர்களும் அதைச் சிரையில் செலுத்தவில்லை, கட்டியின் பக்கத்திலேயே ஊசி போட்டார்கள்.